யானை வில்லை போட்டவர் வருகிறார்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊரைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். ராஜாவுக்கு ஆள் அடையாளமே தெரியாது. ஒருநாள் சமையல்காரரைப் புலவர் என்று நினைத்துப் பொன்னாடை போர்த்திவிட்டார். அவர் பாட்டு எதுவும் பாடாமல் இறங்கிப் போனதால் சபைக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ராஜாவுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

“இனி எல்லோரும் அங்கியில் வட்டமான பித்தளை வில்லை தைத்துக்கொள்ள வேண்டும்!” என்று உத்தரவு போட்டார். மந்திரிகளுக்கு யானை பொறித்த வில்லை, படைக்குப் புலி, புலவர்களுக்குக் கிளி, சமையல்காரர்களுக்குக் கரண்டி.

தலைமை மந்திரியான பிரதானி அனந்தப்பருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரசவை விகடகவி பிச்சாண்டிமேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. சட்டத்தை அவரே எழுதினார்: ‘வில்லையைப் பார்த்தே மரியாதை. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவன் நாடு கடத்தப்படுவான். வில்லை இல்லாதவன் சபைக்குள் வரக்கூடாது. யானை வில்லைக்காரரின் பரிவாரம் மட்டும் வரலாம்.’ பரிவாரம் என்றால் அவருடைய மச்சான்கள் பதினோரு பேர். நல்ல மனுஷர்!

பிச்சாண்டிக்கு மட்டும் வில்லை கொடுக்கவே இல்லை.

“மகாராஜா, எந்தக் கூட்டத்திலும் சேராதவருக்கு எந்த வில்லையைக் கொடுப்பது?” என்றார் அனந்தப்பர் பணிவாக.

ராஜா தாடியைச் சொறிந்தார். “நியாயம்தான். பிச்சாண்டி, நாளைச் சபைக்குச் சட்டப்படி வந்து சேரும். இல்லாவிட்டால் இந்த நாட்டில் உமக்கு இடமில்லை.”

பிச்சாண்டி பிள்ளைகுட்டிக்காரர், எங்கே போவார்? யோசித்துக்கொண்டே ஆற்றங்கரைக்குப் போனார். அரண்மனைத் துணி வெளுக்கும் சுடலைமுத்து, காய்ந்த அங்கிகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே பிரதானியின் மாற்று அங்கி. அதில் யானை வில்லை.

“அண்ணே, இந்தத் துணியெல்லாம் எப்போ அரண்மனைக்குப் போவுது?”

“நாளைக்குக் காலையிலங்க. பின்வாசல் வழியா.”

“நாளைக்கு ஒருநாள் முன்வாசல் வழியா போவட்டும். நானும் கூட வரேன்.”

மறுநாள் காலை முன்வாசலில் கழுதை வந்து நின்றது. முதுகில் பிரதானியின் அங்கி. பின்னால் விசிறி வீசிக்கொண்டு பிச்சாண்டி. காவலர் இருவரும் விழித்தார்கள்.

“ஏண்ணே, இது வந்து...” என்று மூத்த காவலரிடம் இழுத்தார் இளையவர்.

“வாயை மூடுடா! முகத்தைப் பாத்தா நாடு கடத்திடுவாங்க. யானை வில்லைடா, கும்பிடு!”

கும்பிட்டார்கள். “பின்னால வர்றது யாருங்க?”

“ஐயாவோட பரிவாரம்” என்றார் பிச்சாண்டி.

கழுதை நேராகப் போய் மந்திரிகள் வரிசையில் நின்றது. அனந்தப்பர் துள்ளி எழுந்தார். “அக்கிரமம்! மகாராஜா, இது கழுதை!”

பிச்சாண்டி விசிறுவதை நிறுத்தினார். “பிரதானி அவர்களே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!”

“ஐயையோ! முகத்தைப் பார்த்துவிட்டீர்களா?”

தாம் எழுதிய சட்டம் அனந்தப்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேர்த்துக் கொட்டியது. “இல்லை, இல்லை... நான் பார்க்கவில்லை. யானை வில்லைதான். பெரியவர்தான்” என்று கழுதைக்குக் கைகூப்பினார். எதற்கு வம்பு என்று மற்ற மந்திரிகளும் எழுந்து கும்பிட்டார்கள்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. “பழகி ஆளைத் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டேன், எனக்கு இது வேண்டும்! சட்டம் ஒழிந்தது. பிச்சாண்டி, என்ன வேண்டும், கேளும்!”

“ஒரு மூட்டை கொள்ளு, மகாராஜா. ஐயாவுக்குப் பசி.”

ராஜா கொள்ளும் கொடுத்தார், தம் முத்துமாலையையும் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். எல்லோரும் வில்லைகளைப் பிய்த்து எறிந்தார்கள். அனந்தப்பருக்கு மட்டும் மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் வரை அரண்மனையில் யானை வில்லையோடு இருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கொள்ளு தின்றுகொண்டிருந்தார்.