முள்ளாயி வாங்கிய தொட்டி

நாவல்குளக் காட்டில் முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம். அவளுக்கு இரண்டு குட்டிகள். அவள் வளையோ குளத்தை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. மேட்டில் தோண்டலாமே என்றால், அங்கே முழுக்கப் பாறை!

போன ஐப்பசியில் குளம் ததும்பி வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு குட்டியை வாயில் கவ்விக் கரையில் போட்டுவிட்டு, இன்னொன்றுக்காக மறுபடி முங்கினாள் பாருங்கள், அந்தப் பதைப்பு பெற்றவளுக்குத்தான் தெரியும். இந்த வருஷமும் அப்படி ஆகிவிட்டால்? நினைத்தாலே அவளுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும்.

காட்டுக்குப் பொதுவாக ஒரு மோட்டார் இருந்தது. அதை ஓட்ட சோலார் பேனலும் இருந்தது. வெயில் அடித்தால் மோட்டார் குளத்து நீரை இறைத்து ஓடையில் ஜோராகத் தள்ளும். ஆனால் அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? வெயிலைச் சேர்த்து வைக்க ஒரு வழி வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் தொங்கன் என்கிற குரங்கு. ஊரில் ஏதோ ஒரு மின்சார ஆபீஸ் கூரையில் ஏழு வருஷம் குடியிருந்தவன். அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரிந்தது.

"ஹைட்ரஜன்!" என்று கிளையில் நின்று கத்தினான். "குளத்துத் தண்ணியை மின்சாரத்தால பிரிச்சா ஹைட்ரஜன் வரும். தொட்டியில அடைச்சு வச்சா, வேணுங்கிறப்போ திரும்ப மின்சாரம்! இதுல முதல் போடுறவங்க ராஜா மாதிரி இருக்கலாம்!"

கீழே புள்ளிமான் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம். ஒருத்தர் வாலைத் தூக்கினால் அத்தனை பேரும் தூக்குவார்கள். எதற்கு என்று ஓடி முடித்த பிறகுதான் கேட்பார்கள். தலைவர் கொம்பையா வாலைத் தூக்கினார். அவ்வளவுதான்! கோடைக்குச் சேர்த்த நெல்லிக்காய் மொத்தத்தையும் தொங்கன் முன்னால் கொட்டிவிட்டார்கள்.

தொட்டி வந்தது. தண்ணீரைப் பிரிக்கிற இயந்திரமும் வந்தது. முதல் நாள் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டியது. பிறகு நின்றுவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் கொம்பையா.

அப்போது பார்த்து, தொட்டியில் அழுத்தம் கூடாமல் இருக்க வைத்த மூடி லேசாகத் திறந்து 'புஸ்ஸ்ஸ்' என்றது. ஒரு வால் எழுந்தது. நூறு வால் எழுந்தது. கூட்டம் பறந்தடித்துக்கொண்டு ஓடி, ஆற்றங்கரையில் துடுப்பி என்கிற நீர்நாயின் வாசலில்தான் போய் நின்றது.

துடுப்பிக்குப் பேட்டரிதான் உயிர். "நான் அப்பவே சொல்லலையா? பேட்டரிக்கு ஈடு ஏது?" என்று மீசையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தொட்டியை உடைச்சுப் பழைய இரும்புக்குப் போடுங்க. நான் பேட்டரி கொண்டு வந்து தரேன்!"

மான்கள் துடுப்பியையும் கூட்டிக்கொண்டு தொட்டியை உடைக்கத் திரும்பின. தொட்டியடியில் தொங்கனோடு இருந்த முள்ளாயி குறுக்கே வந்து நின்றாள்.

"ஓடினது போதும், கொஞ்சம் மூச்சு வாங்குங்க! டேய் தொங்கா, நிஜத்தைச் சொல்லு. பத்துப் பங்கு வெயில் கொடுத்தா, உன் தொட்டியிலிருந்து எத்தனை பங்கு திரும்பி வரும்?"

தொங்கன் தலையைச் சொறிந்தான். "மூணு… மூணரை வரும்க்கா. பிரிக்கிறதுல கொஞ்சம், அடைக்கிறதுல கொஞ்சம், திரும்ப மின்சாரமாக்குறதுல கொஞ்சம், வழியிலேயே போயிடுது."

"இதை ஏன்டா முதல்லயே சொல்லலை?"

"யாரும் கேக்கலையே!"

முள்ளாயி திரும்பினாள். "துடுப்பி, உன் பேட்டரி?"

"ஒன்பது பங்கு!" துடுப்பி நெஞ்சை நிமிர்த்தினாள்.

"சபாஷ்! ஒரு வாரம், பத்து நாள் வெயிலே வரலைன்னா?"

துடுப்பியின் மீசை தொங்கிப்போனது. "ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள் தாங்கும். பத்து நாளுக்குன்னா இந்தக் கரை பூரா பேட்டரியா அடுக்கணும். அதுக்குக் காட்டையே வித்தாலும் பத்தாது."

"என் தொட்டி பெருசுக்கா!" என்று தொங்கன் துள்ளினான். "சித்திரையில அடைச்சா ஐப்பசி வரைக்கும் அப்படியே கிடக்கும்!"

முள்ளாயி பேனலைப் பார்த்தாள். பேட்டரி வந்தாலும், கோடையில் மத்தியானம் ஆவதற்குள்ளேயே அது நிறைந்துவிடும். அதற்கப்புறம் அடிக்கிற வெயில் யாருக்கும் இல்லாமல் வீணாகப் போகும். வீணாகப் போவதில் மூன்று பங்கு கிடைத்தால் அது நஷ்டமா, லாபமா?

"கொம்பையா அண்ணே, நீங்க பேட்டரி வாங்குங்க, அதுவும் வேணும். இயந்திரத்தோட தொட்டியை எனக்குக் கொடுத்துடுங்க. பதிலுக்கு என் கிழங்கைத் தரேன்."

"எந்தக் கிழங்கு?"

"மழைக்காலத்துக்கு வச்சிருக்கிறது. அத்தனையும்."

மான்கள் சிரியோ சிரி என்று சிரித்தன. தொட்டி கைவிட்டால் குட்டிகளுக்கு வீடும் இல்லை, சோறும் இல்லை. அன்று சாயங்காலம் காலிக் கிடங்கைப் பார்த்து, "தப்புப் பண்ணிட்டேனோ?" என்று வாய்விட்டே அழுதாள்.

ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. கோடை முழுக்க, மான்கள் வாங்கிய பேட்டரி நிறைந்ததும் தினமும் மத்தியானம் மின்கம்பியைத் தொட்டிக்கு மாற்றினாள். தொங்கன் மூடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். நெல்லிக்காய் தின்ற பாவம் அவனைக் குத்திக்கொண்டிருந்தது.

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டது. முதல் நாள் பேட்டரியில் மோட்டார் ஜம்மென்று ஓடியது. "பாத்தீங்களா!" என்றாள் துடுப்பி. இரண்டாம் நாள் சாயங்காலம் மோட்டார் இருமியது. மூன்றாம் நாள் காலை நின்றேவிட்டது.

குளம் ஏறியது. மான் குட்டிகள் படுக்கும் புல்வெளியில் தண்ணீர். முள்ளாயியின் வளை வாசலிலும் தண்ணீர். "அம்மா, கால் நனையுது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொங்கா, திற!" என்று முள்ளாயி அலறினாள்.

தொங்கன் தொட்டியின் குழாயைத் திருகினான். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் மோட்டார் உறுமியது பாருங்கள், அதைவிட இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை!

அன்று ஓடிய மோட்டார் எட்டு நாள் நிற்கவில்லை. நீர் வளை வாசலை விட்டு இறங்கியது, புல்வெளியை விட்டும் இறங்கியது. மான்கள் வாரிக்கொண்டு வந்த காட்டுக் கிழங்கைத் தின்று குட்டிகள் வயிறு நிறைந்து தூங்கின. தொட்டியைத் திறந்த ஒன்பதாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது தொட்டியில் அரை நாளுக்குத்தான் மிச்சம் இருந்தது. துடுப்பி ஓடிவந்து பேட்டரியைப் பேனலில் மாட்டினாள்.

கொம்பையா கூட்டத்தோடு வந்து தலை குனிந்தார். "முள்ளாயி, புத்தி வந்துச்சு. பேட்டரியை எல்லாம் ஆத்துல தூக்கிப் போட்டுட்டு, இனிமே மொத்தத்தையும் ஹைட்ரஜன்லயே போட்டுடறோம்!"

"ஐயோ, என் ராசா!" முள்ளாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னாடம் விளக்கு எரிய, தண்ணி இறைக்க பேட்டரியை விட்டா நாதியில்லை. பத்து நாள் வெயில் இல்லாட்டி தொட்டியை விட்டா நாதியில்லை. எது பெருசுன்னு என்கிட்ட கேக்காதீங்க. உங்களுக்கு என்ன வேலை ஆகணும், அதை முதல்ல சொல்லுங்க!"

கொம்பையா யோசித்தார். அவர் பின்னால் நின்ற நூறு மான்களும், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஆளுக்கு ஒரு மாதிரி யோசித்தன.

கூட்டம் ஓடுகிற பக்கம் ஓடி முதல் போடாதே. எந்த வேலைக்கு எது கைகொடுக்கும் என்று கேட்டறிந்து போட்ட முதலே ஆபத்தில் வீட்டைக் காக்கும்.