நரியின் பளபள அடுப்பு

குளக்கரைக் காட்டை நரிதான் நிர்வாகம் செய்து வந்தது. விறகுக்கு மரம் வெட்டக் கூடாதென்று, சிங்கராஜா வீட்டுக்கு வீடு சாண எரிவாயு அடுப்பு கொடுத்திருந்தார். யானைச் சாணத்துக்கு அங்கே பஞ்சமா என்ன!

“எந்தக் காடு இதில் முதலாவதாக வருதோ, அது மாதிரிதான் எல்லாக் காடும் நடக்கணும்!” என்று அறிவித்தார் ராஜா.

நரிக்கு ஆசை வந்துவிட்டது. தன் அடுப்பைத் துடைத்துக் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டது. பற்ற வைத்தால் பளபளப்பு போய்விடுமே! சமையல் மட்டும் கொல்லையில் விறகில்தான். மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னது.

முயல் மட்டும் கேட்கவில்லை. புகை பட்டால் அதன் குட்டிக்கு இழுப்பு வந்துவிடும். மூன்று வேளையும் எரிவாயுவில் சமைத்தது. அடுப்பெல்லாம் பால் பொங்கின கறை.

நரி வந்து பார்த்துக் குதித்தது. “என்ன கண்றாவிம்மா இது! ராஜா வர்ற நேரத்துல என் மானத்தை வாங்குறியே! சாக்கைப் போட்டு மூடு. அவர் போனதும் அடுப்பைப் பிடுங்கிடுவேன்!”

“ஐயோ, வேண்டாங்கய்யா! பிள்ளைக்கு மூச்சு முட்டும்!”

நரி காதிலேயே வாங்கவில்லை.

ராஜா வந்தார். நரியின் அடுப்பைப் பார்த்து அசந்து போனார். “ஆஹா! இதுதான் எல்லாருக்கும் முன்மாதிரி! எங்கே, ஒரு சுக்குக் காப்பி போடு!”

நரி வேறு வழியில்லாமல் தீக்குச்சியைக் கிழித்தது. அடுப்புக்குள்ளிருந்து சிட்டுக்குருவி தலையை நீட்டியது.

“மாமா! நெருப்பை அந்தப் பக்கம் கொண்டு போங்க! உள்ளே மூணு முட்டை இருக்கு!”

“அடுப்புக்குள்ளேயா முட்டை வெச்சே?” என்றார் ராஜா.

“இதைவிடக் குளுமையான இடம் ஏதுங்க ராஜா? ஒரு நாள்கூடச் சுட்டதில்லையே!”

ராஜா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே விறகடுப்பு, சுவரெல்லாம் கரி.

“இந்தக் காட்டுல எரியிற அடுப்பு ஒண்ணாவது இருக்கா?”

“முயலக்கா வீட்டுல இருக்கு. பார்க்கத்தான் சகிக்காது!” என்றது குருவி.

ராஜா அங்கே போய்ச் சாக்கை விலக்கினார். அடுப்பெல்லாம் கறை. சுவரோ சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தபடி வெள்ளை. குட்டி இழுப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

“துடைக்க நேரமில்லைங்க ராஜா...” முயல் தலையைக் குனிந்தது.

“துடைக்காதே தாயி! எல்லாக் காட்டுக்காரங்களும் வந்து இதைத்தான் பார்க்கணும். இந்த அடுப்பை யாரும் தொடக் கூடாது!”

“அப்ப நான், ராஜா?” என்று இளித்தது நரி.

“இனி விறகைத் தொடாதே! குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும் பச்சைக் கிழங்கைக் கடி!”

நல்ல திட்டம் அழகாக வைத்துக் காட்டுவதால் அல்ல, அன்றாடம் பயன்படுவதால்தான் ஊருக்கு வழிகாட்டும்.