மூன்று விரற்கடை இடைவெளி

கூறுகெட்டான்பட்டி மூடர்களைப் பற்றி ஆயிரம் கதைகள் உண்டு. அவர்களுக்குச் சோறு வடித்தவளைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அவள் பெயர் வடிவழகி.

கணவன் சடையப்பனும் அவன் தம்பிகள் இருவரும் குளிர்ந்த கீழ்க்கூடத்தில் பகலெல்லாம் குறட்டை விடுவார்கள். தையல் சத்தம் அந்தத் திருத்துயிலுக்கு ஆகாதாம். ஆகவே அவள் தகரம் வேய்ந்த மச்சில் வெந்துகொண்டு தைத்தாள். திங்கட்கிழமைக்குள் அறுபது பள்ளிக்கூடச் சட்டைகள், அத்தனையும் வெள்ளை. வியர்வைக் கறை பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினொன்றில் ஏற்கெனவே பட்டிருந்தது.

கூரைக்கு அடியில் கட்ட, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளித்தாள் வாங்கிவரச் சொன்னாள். வாங்கியே வந்துவிட்டார்கள். கடைக்காரர் சொன்னதையும் ஒப்பித்தார்கள்: "பளபளப்பான பக்கம் தகரத்தைப் பார்க்கணும். நடுவுல மூணு விரற்கடை இடைவெளி இருக்கணும்."

கடைக்குட்டி அழகுமுத்து தாளின்மேல் கரியால் இரண்டு கண் வரைந்தான். கண்ணில்லாமல் எப்படிப் பார்க்கும்?

அடுத்து, யாருடைய விரல் என்று விவாதம்.

"மூத்தவன் நான். என் விரல்தான்," என்றான் சடையப்பன்.

"உன் விரல் வாழைக்காய்ண்ணே. இடைவெளி பெருத்துரும்," என்றான் நடுவன் மாசிலாமணி.

"அப்ப ஆளுக்கு ஒண்ணு வைப்போம். நாளைக்கு எவனும் குறை சொல்லக் கூடாது," என்றான் அழகுமுத்து.

நீதி நிலைநாட்டப்பட்டது. மூவரும் முக்காலிகளில் ஏறி, ஒரு கையால் தாளைத் தாங்கி, மறு கையின் விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் செருகி நின்றார்கள். தகரம் சுட்டது; விரல் கொப்பளித்தது.

"ஏங்க, நடுவுல ரீப்பர் கட்டையை வெச்சு ஆணி அடிச்சாப் போதாதா?"

சடையப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "கட்டைக்கு ஏதுடி விரல்?"

"சரி, கையை எப்ப எடுப்பீங்க?"

"எடுத்தா இடைவெளி போயிருமே மதினி!" என்று பதறினான் மாசிலாமணி.

வடிவழகி படியிறங்கிப் பார்த்தாள். கீழ்க்கூடம் காலியாகக் கிடந்தது. தையல் மிஷினைக் கீழே இறக்கினாள். கறை பட்டவற்றைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து வெளுத்தாள். திங்கட்கிழமை அறுபது சட்டைகளும் வெள்ளை வெளேரென்று பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன.

அன்று மத்தியானம் மச்சிலிருந்து சடையப்பன் கத்தினான். "ஏட்டி, இப்பக் குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்கு."

"பாத்தியளாடா? தாளு வேலை செய்யுது. விரலை எடுத்துராதீங்க!"

வடிவழகி இன்றும் கூடத்தில்தான் தைக்கிறாள், வியர்ப்பதில்லை. மேலே மூன்று வேளையும் சோறு போகிறது. கை ஒழியாததால் மூவரும் அதை மாடு மாதிரி வாயாலேயே தின்கிறார்கள்.