வலது சுவர்

ஆற்றின் நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு மடம், அதைச் சுற்றிச் சில தெருக்கள். பந்தி, பள்ளிக்கூடம், உற்சவம், சண்டை சச்சரவு எல்லாவற்றையும் மடத்துச் சபைதான் பார்த்துக்கொண்டது.

மடத்தின் தலைவி நாச்சியார். எல்லோருக்கும் அவர் தாயார். அவரைவிட வயதில் மூத்த சீடர் தில்லைநாயகத்துக்கும் அப்படித்தான். தில்லைநாயகம் பல காலம் வக்கீலாக இருந்து, வாதாடி அலுத்துப்போய் மடத்துக்கு வந்தவர். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டார், வக்கீலைத்தான் இன்னும் கழற்றவில்லை என்று நாச்சியார் கேலி செய்வார். அந்த வருஷம் சபைத் தலைவர் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது.

பந்திக்கூடத்தின் இரண்டு சுவர்களிலும் காவியால் மடத்தின் விதிகள் எழுதியிருந்தன. இடது சுவரில் இருந்தவை மீறினால் தண்டனை உள்ளவை. திருடியவர் திட்டை விட்டுப் போக வேண்டும். உற்சவத்தில் சாமி ஏறும் மடத்துப் படகைச் சபைத் தலைவர் உத்தரவில்லாமல் அவிழ்த்தவருக்கு ஒரு மாதம் பந்தியில் இடமில்லை. அந்தச் சுவரில் மேல்பாதி மட்டுமே எழுத்து. கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது.

வலது சுவர் வேறு மாதிரி. யாரும் பசியோடு தூங்காதிருக்க முயல்வோம். நோயாளிக்கு வைத்தியம் கிடைக்க முயல்வோம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைக்க முயல்வோம். இப்படியே கீழே வரை. கடைசியில் சிறிய எழுத்தில்: இவற்றுக்காக யாரும் சபையில் பிராது கொடுக்க முடியாது. சபையை நடத்துகிறவர்கள் இவற்றை மனத்தில் வைத்து நடத்த வேண்டும்.

எழுத்துகளைத் தொடாமல் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் நாள் அது. பந்திக்கூடம் தில்லைநாயகத்தின் பொறுப்பு. செங்கல் சூளையில் வேலை செய்யும் பூவாத்தா, காலையில் இடுப்பில் மகளோடு அங்கே அவர் முன் வந்து நின்றாள். குழந்தையின் தலை தோளில் துவண்டு கிடந்தது.

"பிராது கொடுக்க வந்திருக்கேன் சாமி."

"யார் மேல?"

"மடத்து மேல. வைத்தியம் கிடைக்கும்னு சுவத்துல எழுதியிருக்கு. புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். வைத்தியர் அக்கரையில. தோணிக்காரர் தோணியைக் கவுத்துப் போட்டுத் தார் பூசிட்டாரு. காயணுமாம்."

தில்லைநாயகம் எழுந்துபோய்ச் சுவரின் கடைசி வரியை அவளுக்குப் படித்துக் காட்டினார். குரலைத் தாழ்த்தித்தான் படித்தார்.

"அப்ப?"

"பிராது செல்லாதும்மா."

பூவாத்தா வாசற்படியில் போய் உட்கார்ந்து, முந்தானையை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டாள். தில்லைநாயகத்தால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக நாச்சியாரிடம் போனார். நாச்சியார் தொட்டியில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, வலது சுவரை மொத்தமா அழிச்சிடலாம்."

"ஏன்?"

"செய்யாததைச் செய்வோம்னு எழுதி வெச்சிருக்கோம். நம்பி வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். நாட்டோட அரசியல் சட்டத்துலயும் இப்படி ஒரு பகுதி உண்டு. வேலை, கூலி, ஆரோக்கியம்னு எல்லாம் அழகா இருக்கும். கோர்ட்டுக்குப் போனா நிக்காது. படிக்கிற காலத்துல நாங்க அந்தப் பக்கங்களைப் புரட்டிட்டுப் போயிடுவோம்."

"புரட்டிட்டு எங்க போவீங்க?"

"வழக்கு ஜெயிக்கிற பக்கத்துக்கு."

நாச்சியார் சிரித்தார்.

"இங்கேயும் யாரோ ஏற்கெனவே ஒரு வரியை அழிச்சிருக்காங்க தாயே. நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு. மிச்சத்தையும் அழிச்சிட்டா பொய் இல்லாம இருக்கலாம்."

நாச்சியார் ஒரு வாளியில் சுண்ணாம்பை ஊற்றி, வெள்ளையடிக்கும் மட்டையோடு நீட்டினார்.

"அழிங்க வக்கீல் ஐயா. ஒவ்வொரு வரியையும் சத்தமா வாசிச்சிட்டு அழிங்க. யாராவது வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க."

தில்லைநாயகம் பந்திக்கூடத்துக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தார்.

"யாரும் பசியோடு தூங்காதிருக்க முயல்வோம்."

மடப்பள்ளியிலிருந்து குப்பண்ணன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க சாமி?"

"அழிக்கிறேன்."

"அதை அழிச்சா நான் என்ன பண்றது? தினமும் கொஞ்சம் அரிசி கூடப் போட்டு வடிக்கிறேன். நேரம் தவறி வர்றவங்களுக்கு. கணக்குப் பிள்ளை வந்து ஏன்யா சோறு மிஞ்சுதுன்னு குதிப்பாரு. நான் பேசவே மாட்டேன். கரண்டியால இந்தச் சுவத்தைக் காட்டுவேன். முணுமுணுத்துக்கிட்டே போயிடுவாரு."

"கூடப் போடலைன்னா உமக்குத் தண்டனை கிடையாதே, குப்பண்ணே."

"போட்டாலும் கிடையாதுல்ல? அது போதும் எனக்கு."

தில்லைநாயகம் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். இதைத்தான் முதலில் அழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"நோயாளிக்கு வைத்தியம் கிடைக்க முயல்வோம்."

மட்டையை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். முதல் எழுத்து மறைந்தது.

"சாமி!"

வாசற்படியிலிருந்து பூவாத்தா எழுந்து வந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் முனகியது.

"உனக்காகத்தாம்மா அழிக்கிறேன். இனிமே யாரும் இதை நம்பி வந்து ஏமாறக் கூடாது."

"எனக்காகவா? என் பிராதைத் தள்ளுனீங்க, சரி. இந்த வரியை ஏன் தள்றீங்க? நாளைக்கு வந்து நான் எதைக் காட்டிக் கேப்பேன்?"

"கேட்டாலும் செல்லாதுன்னு சொன்னேனே."

"செல்லாதுன்னீங்க. கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே. இது போயிடுச்சுன்னா நான் சும்மா பிச்சை கேக்குறவ மாதிரி நிக்கணும்."

மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டித் தரையில் விழுந்தது. தில்லைநாயகத்தின் கண் தானாகச் சுவரின் கீழே போனது. சபையை நடத்துகிறவர்கள். வழக்கு நிற்குமா நிற்காதா என்று பார்க்கத்தான் அந்தக் கடைசி வரியை இதுவரை அவர் படித்திருந்தார். அதில் தன்னை ஒருவர் கூப்பிட்டிருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

வாளியைக் கீழே வைத்தார்.

"குப்பண்ணே, மடத்துப் படகுச் சாவி எங்க?"

"உற்சவம் அடுத்த மாசம்தானே சாமி?"

"சாவி எங்கய்யா?"

"மடப்பள்ளி ஆணியில தொங்குது. ஆனா சபைத் தலைவர் உத்தரவு இல்லாம..."

"நான்தான்யா சபைத் தலைவர்!"

"அட, ஆமா!" என்று குப்பண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டு ஓடினார்.

சாமி ஏறும் படகில் பூவாத்தா காலை வைக்கத் தயங்கினாள். தில்லைநாயகம் கை கொடுத்து ஏற்றினார். குப்பண்ணன் ஒரு துடுப்பும் அவர் ஒரு துடுப்புமாக வலித்தார்கள். அவர் துடுப்பு தண்ணீரில் பட்டதைவிடப் பூவாத்தாவின் சேலையில் தெளித்ததுதான் அதிகம்.

வைத்தியர் குழந்தையைப் பார்த்து, ஊசி போட்டு, மருந்து கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் பூவாத்தா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாலையில் திரும்பும்போது குழந்தைக்கு வியர்த்துவிட்டிருந்தது. படகு நடு ஆற்றில் வந்தபோது அது கண்ணைத் திறந்து, "அம்மா, நாமதான் சாமியா?" என்று கேட்டது. பூவாத்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பந்திக்கூடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தில்லைநாயகம் காவியைக் குழைத்து, தான் அழித்த எழுத்தைத் திரும்ப எழுதினார். அவர் கைக்கு அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற குப்பண்ணனிடம், நடுவில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்க இருந்ததை யார் அழிச்சது?"

"யாரும் அழிக்கல சாமி. எல்லாப் புள்ளைங்களும் படிக்க முயல்வோம்னு அங்க இருந்துச்சு. எங்கப்பா என்னை மாடு மேய்க்க அனுப்புவாரு. திண்ணையில பாடம் சொல்ற வாத்தியார் வந்து இந்தச் சுவத்தைக் காட்டிக் கெஞ்சுவாரு. நான் வளர்றதுக்குள்ள பள்ளிக்கூடம் கட்டிட்டாங்க. இப்ப அது எங்க இருக்குன்னு பாருங்க."

குப்பண்ணனின் கரண்டி இடது சுவரைக் காட்டியது. எழுத்துகளின் கடைசி வரி: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாச்சியார் உள்ளே வந்தார். கோணல் எழுத்தைப் பார்த்தார்.

"தாயே, வைத்திய வரியையும் நாளைக்கே அந்தப் பக்கம் மாத்திடலாமா?"

"மாத்தலாம். நாளன்னைக்கு இன்னொரு புள்ளைக்குக் காய்ச்சல். வைத்தியர் அப்பவும் அக்கரையில. யாரைத் தண்டிப்பீங்க?"

தில்லைநாயகம் யோசித்தார். "சபைத் தலைவரைத்தான்."

"புள்ளைக்குக் காய்ச்சல் விடுமா?"

"விடாது." பிறகு மெல்லக் கேட்டார். "வாரத்துக்கு ஒரு நாளாவது வைத்தியரை இங்க வரவழைச்சா? படகு நம்மகிட்ட இருக்கே."

"கேட்டுப் பாருங்க."

"அப்புறம் மாத்தலாமா?"

நாச்சியார் இடது சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கீழ்ப்பாதிக்கு ஏன் வெள்ளை அடிக்கல?"

"அங்க எழுத்தே இல்லையே தாயே. சுண்ணாம்பு வீண்தானேன்னு விட்டுட்டேன்."

நாச்சியார் வாளியை எடுத்துத் தில்லைநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"அடிச்சு வைங்க. எழுதப்போற இடம்."