பலாப்பழத்துக்குப் பிசின் வந்த கதை

மிருகங்கள் பேசி, மரங்களும் பதில் சொன்ன அந்தக் காலத்தில், பலாப்பழத்துக்கு மணம் கிடையாது, பிசின் கிடையாது, முள்ளும் கிடையாது. கத்தரிக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு கீறு கீறினால் சுளைகள் தானாக மடியில் வந்து விழும். கொடுத்துவைத்த காலம்.

மலையடிவாரக் குகையில் ஒரு கரடியக்கா குடியிருந்தாள். வாசலிலேயே ஒரு பலாமரம். ஆனி மாதம் பழம் கனிந்ததும் அக்கா விருந்து வைப்பாள். தேங்காய்ப்பால் விட்ட பலாப்பழப் பாயசம், மலைத்தேனில் ஊறிய சுளை, கொட்டை போட்ட குழம்பு. மந்தி, முள்ளம்பன்றி, மலையணில் மூவரும் நேரம் தவறாமல் வந்துவிடுவார்கள். சாப்பிட மட்டும்.

"பாயசத்துல வெல்லம் ஒரு கை கம்மி, அக்கா" என்பாள் மந்தி, மூன்றாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டே. முள்ளம்பன்றி அண்ணன் சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து குறட்டை விடுவார். அணில், "கை கழுவத் தண்ணி?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கும். கிளம்பும்போது ஆளுக்கொரு பிடி கொட்டையை அள்ளிக்கொண்டு போவார்கள். அடிப்பிடித்த உருளியை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் மரம் ஒரே ஒரு பழம்தான் காய்த்தது. அக்கா அதைத் தழையால் மூடி மறைத்தாள். விசாரிக்க வந்த மந்தியிடம், "இந்த வருஷம் காய்க்கவே இல்லைடி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அடியே, என் கால்ல நின்னுக்கிட்டே இப்படி ஒரு பொய்யா?" என்றது மரம்.

"நீ சும்மா இரு. பாத்திரம் தேய்க்கிறது நீயா, நானா?"

"அவங்க வரலைன்னா என் கொட்டையெல்லாம் இங்கேயேதானே கிடக்கும்? என் நிழல்ல ஒரு கன்றும் பிழைக்காது. அவங்க வழியில சிந்துறதுலதான் என் பிள்ளைங்க முளைக்கணும். இந்த வருஷம் எனக்கு இருக்கிறது இந்த ஒரு பழம்தான்."

"எனக்கும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிடணும்னு ஆசை இருக்காதா?"

நியாயமான கேள்வியாயிற்றே! மரம் ஒரு பகல் முழுக்க யோசித்தது. பிறகு தன் உடம்பில் ஓடிய பால் அத்தனையையும் பழத்துக்குள் இறக்கியது. பூக்களுக்கென்று சேர்த்துவைத்திருந்த வாசனையையும் அதிலேயே கொட்டியது. அந்த வேகத்தில் பழத்துக்குப் புல்லரித்து, தோலெல்லாம் முள் முள்ளாக எழுந்து நின்றது.

மறுநாள் காலை அக்கா பழத்தைப் பறித்து உள்ளே கொண்டுபோனாள். வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு அரிவாளைப் போட்டாள். குபுக்கென்று பிசின் வந்தது. அரிவாள் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போன வலது கை ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போன இடது கையும். கரடி உடம்பு முழுக்க முடி வேறு, கேட்க வேண்டுமா! வாசனை மட்டும் கல்லிடுக்கு வழியாகக் கிளம்பி ஆற்றைத் தாண்டிப் போனது.

அரை நாழிகையில் வாசலில் கூட்டம்.

"அக்கா, காய்க்கலைன்னு சொன்னீங்க? மலையே மணக்குதே!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போங்கடி."

"கல்லை நகர்த்துங்க."

"நகர்த்த முடிஞ்சா உங்கிட்ட ஏன் பேசிக்கிட்டிருக்கேன்?"

மூவரும் கல்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அக்கா பழத்தைப் பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிடி, நல்லாச் சிரி! இத்தனை வருஷமா நான் ஒருத்தியாத் தேய்ச்சேனே, யாராவது ஒரு கரண்டியைத் தொட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. "நீங்க சொல்லவே இல்லியே, அக்கா" என்றாள் மந்தி.

"கண்ணு எதுக்கு இருக்கு? சொல்லித்தான் தெரியணுமா?"

அணில் மெதுவாக வந்து அக்காவின் விரலைப் பிடித்து இழுத்தது. அதன் கை மட்டும் ஒட்டவில்லை! வரும் வழியில் முற்றின தேங்காயைக் கடித்த எண்ணெய் கையில் அப்படியே இருந்தது. கையைக் கழுவாமல் வந்ததும் ஒரு நாள் உதவியது.

அவ்வளவுதான். பாயசத்துக்கு வைத்திருந்த தேங்காயைக் கடித்து, அணில் எல்லார் கையிலும் எண்ணெய் தடவியது; அக்காவின் கையும் பழத்தை விட்டு வந்தது. மந்தி சுளையைப் பிய்த்தாள். முள்ளம்பன்றி அண்ணன் ஒரு முள்ளால் சக்கையை நெம்பி எடுத்தார். பேச்சும் கேலியுமாக நாலு பேரும் பழத்தைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்ததில் பொழுது போனதே தெரியவில்லை. அன்று பாயசம் கிண்டியது மந்தி. உருளியை ஆற்றங்கரைக்கு உருட்டிப்போய்த் தன் முதுகாலேயே தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தவர் முள்ளம்பன்றி அண்ணன்.

அக்கா உட்கார்ந்து, கால் நீட்டி, ஒரு வாய் குடித்தாள்.

"வெல்லம் ஒரு கை கம்மி" என்றாள்.

மந்தி அகப்பையை ஓங்கிக்கொண்டு அக்காவைத் துரத்தினாள். பிறகு மூவரும் மடி நிறையக் கொட்டையோடு சிரித்துக்கொண்டே வீடு போனார்கள். வழியெல்லாம் கொட்டை சிந்தியது. அடுத்த மழைக்கு அவர்கள் வீடிருந்த மூன்று மலையிலும் கன்றுகள் தலைகாட்டின.

அன்று பிடித்த வழக்கம்தான்: ஒரு வீட்டில் பலா வெட்டினால் தெருமுனை வரை மணக்கிறது. அந்த மணத்துக்கு வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் அவர் கையில் ஊற்றுவது பாயசம் இல்லை, எண்ணெய்தான்.