ஒரு கரண்டி உறைமோர்

எறும்புக்குக்கூட வரி போட்ட ஒரு ராஜா முன்னொரு காலத்தில் இருந்தார். அவருக்கு மூன்று நகரங்கள்: பொன்மாடம், மணல்துறை, ஏரிமங்கலம்.

நாழிகை பார்த்து மணி அடிக்கும் சேந்தனை அவர் ஒருநாள் அழைத்தார். எந்த நகரத்துக்குப் போனாலும் மாதம் முப்பது பணம்தான் சம்பளம், ஊரை நீயே பார்த்துச் சொல் என்றார். பௌர்ணமிக்குள் சொல்லாவிட்டால் வேலை வேறொருவனுக்கு. சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருஷம் அந்த ஊரை விட்டு நகரக் கூடாது.

சேந்தன் நல்லவன்தான். ஊருக்கெல்லாம் நேரம் சொல்லிச் சொல்லி, முடிவெடுக்க மட்டும் அவனுக்கு நேரம் போதாமல் போய்விட்டது. அவன் மனைவி காத்தாயி, அவர்கள் தங்கியிருந்த சத்திரத்தில் பாத்திர மூட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருபது நாள் ஓட்டினாள்.

முப்பது பணம் போதுமா என்று பட்டு வியாபாரியைக் கேட்டான். என் குதிரையின் கொள்ளுக்கே காணாது என்றார் அவர். பிச்சையெடுத்துச் சாப்பிடும் பண்டாரத்தைக் கேட்டான். மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். பொன்மாடத்தை விட்டு வந்து இருபது வருஷமான ஒரு கிழவரைக் கேட்டான். அவர் அந்தக் காலத்துக் கத்தரிக்காய் விலையை நாள் முழுக்கச் சொன்னார்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முடிவோடு வருவான். சாயங்காலத்துக்குள் அது மாறிவிடும்.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கையில் காத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது. போகாதா பின்னே?

"முப்பது பணத்துல குடும்பம் நடத்துறவங்க ஒருத்தரையாவது கேட்டீங்களா?" என்றாள்.

அவள் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டி பூட்டச் சொன்னாள்.

பொன்மாடத்தில் மாட்டுக்கொட்டகைக்கே வாடகை பதினைந்து பணம். காத்தாயி ஒரு வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டாள். அந்த அம்மாள் ஊற்றிவிட்டு, அரைக்காசு என்று கையை நீட்டினாள். உறைமோருக்கே விலை சொல்லும் ஊரில் வேறு எதைத்தான் சும்மா கேட்க முடியும்? காத்தாயி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினாள்.

மணல்துறையில் வாடகை இரண்டே பணம். சேந்தன் துள்ளிக் குதித்தான். காத்தாயி ஏழு கதவு தட்டினாள், ஒன்றும் திறக்கவில்லை. விடியுமுன்னே அக்கரை உப்பளத்துக்குப் போகும் ஜனங்கள் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார்கள். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் உறைமோர் கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைக்குமுன் கொடுக்க ஆளே இல்லை.

ஏரிமங்கலத்தில் வாடகை எட்டுப் பணம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது, கொசு வேறு. எரிச்சலோடுதான் கதவைத் தட்டினாள். திறந்தவள் தறிக்காரர் வீட்டுக் குப்பம்மாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை, என்ன சம்பளம் என்று குடைந்தெடுத்தாள். முப்பது என்றதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க வீட்லயும் முப்பதுதான். மாசக் கடைசி இழுக்கத்தான் செய்யும். எனக்கு இழுத்தா நீ ரெண்டு படி அரிசி குடு, உனக்கு இழுத்தா நான் குடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தில் மோரை ஊற்றினாள்.

பௌர்ணமியன்று அரண்மனையில் சேந்தன், இன்னும் ஒரே ஒருவரைக் கேட்டுவிட்டு என்று இழுத்தான். காத்தாயி அந்த மோரால் உறையிட்ட கிண்ணத்தை ராஜாவின் முன்னே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். தயிர் அசையவில்லை.

"ஏரிமங்கலம்" என்றாள்.

பன்னிரண்டு வருஷமும் மாசக் கடைசி இழுக்கத்தான் இழுத்தது. ஒரு மாதமும் அடுப்பு அணையவில்லை. ஊர் மாறி வர நினைத்த ஒருவன் ஒருநாள் வாசலில் நின்று, இங்கே முப்பது பணம் போதுமா என்று கேட்டான். சேந்தன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் காத்தாயி ஒரு காலிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வந்தவன் கையில் கொடுத்தாள்.

ஆகவே கேளுங்கள்: ஒரு சம்பளம் ஓர் ஊரில் போதுமா என்பதை, அதே சம்பளத்தில் அங்கே வாழ்கிறவர் வாசலில் போய் நின்றுதான் அறிய வேண்டும்.