போஸ்டர் சாம்சனின் தாடி

சாம்சனுக்குப் பட்டப்பெயர் போஸ்டர். ஐம்பத்தெட்டு வயதாகியும் அது அவரை விட்டபாடில்லை. தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த மருமகன் ரூபன், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் கேட்டுவிட்டான்.

"எல்லாரும் உங்களை ஏன் மாமா போஸ்டர்ங்கிறாங்க?"

சாம்சனுக்குப் பகீரென்றது. உண்மை தெரிந்தால் மாமனார் மரியாதை அத்தோடு சரி. போதாததற்கு, அந்தப் பெயர் வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் நேரில் பார்த்த சித்தப்பா மகள் பியூலா எதிரிலேயே உட்கார்ந்து முந்திரிக்கொத்து கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் காலியாவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அப்பல்லாம் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் தம்பி பிள்ளைக நாப்பத்தேழு பேரு ஒரே வீட்டுல கிடப்போம் மாப்பிள்ளை. பல்லு விளக்க வரிசையில நின்னா, கடைசி ஆளு விளக்கி முடிக்கையில புது வருசம் பொறந்துரும்."

"பதினோரு பேருண்ணே" என்றாள் பியூலா.

"நீ அப்பக் கைக்குழந்தை, உனக்கு எண்ணத் தெரியாது. ஒரு வருசம் நான் மூங்கில்ல ஸ்டார் கட்டுனேன் பாத்துக்கிடுங்க, பனைமரம் உசரம். பல்பைப் போட்டதும் மூணு பேரு ஒட்டகத்துல வந்து வாசல்ல இறங்கிட்டானுவ. 'ஐயா, இது பெத்லகேம் இல்ல, பாளையங்கோட்டை'ன்னு சொல்லி, அம்மா சுட்ட அச்சுமுறுக்கைக் குடுத்துத் திருப்பி அனுப்புனேன்."

"ஒட்டகத்துக்கு?" ரூபன் சிரிக்காமல் கேட்டான்.

"அதுக்கு அதிரசம்."

இனி நிறுத்த வேண்டும் என்று சாம்சனுக்கே தோன்றியது. ஆனால் அவருக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது.

"வீடு வீடாப் பாடிக்கிட்டுப் போற கேரல் ரவுண்ட்ஸுல நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. எட்டு மெத்தைப் பஞ்சுல தாடி. நான் இங்க ஆடுனா தாடி நுனி அடுத்த தெருவுல ஆடும். அந்த ஆட்டத்தைப் பாத்துட்டு மதுரை வரைக்கும் என் படத்தைப் போஸ்டர் அடிச்சு ஒட்டுனாங்க. அதான் இந்தப் பேரு!"

பியூலா கடைசித் துண்டை விழுங்கினாள்.

"போஸ்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அண்ணன் தாடியை மைதாப் பசை வச்சு ஒட்டியிருந்தாரு. எங்க தெரு வெள்ளாடு சுவத்துப் போஸ்டரைத் தின்னே வளந்தது, பசை வாசம் விடுமா? ஆடிக்கிட்டிருந்தவரு தாடியைக் கவ்விருச்சு. இவரு 'யெம்மா'ன்னு அலறிக்கிட்டுக் கோயிலைச் சுத்தி ஓடுதாரு, பின்னாலேயே ஆடு. பாதித் தாடி காலி. அன்னைக்கு வச்ச பேருதான் போஸ்டர்."

சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சுட்டது.

ரூபன் வாய்விட்டுச் சிரித்தான். "ஒட்டகம் வந்ததைக்கூட நம்பிரலாம் சித்தி. ஆடு தாடியைத் தின்னுச்சுங்கிறது ரொம்ப ஓவர். மாமாவைக் கேலி பண்ணவும் ஒரு அளவு வேண்டாமா?"

மரியாதை பிழைத்துவிட்டது. சாம்சன் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் அவர் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்த ஒரே அதிசயம் அந்த ஆடுதான். அதைப் போய்ப் பொய் என்றால் எப்படிப் பொறுப்பது? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தின்னுச்சு மாப்பிள்ளை! கர்த்தர் அறிய தின்னுச்சு! இந்தா பாருங்க, பல்லு பட்ட தழும்பு!" என்று முகவாயைத் தூக்கிக் காட்டினார்.

ரூபன் கிட்டே வந்து நிதானமாகப் பார்த்தான்.

"இது ஷேவ் பண்றப்ப பிளேடு பட்டது மாமா."